பெட்டியில் 4கே, திரையில் மங்கல்: எச்டி தெளிவுத்திறனும் வீடியோ தரங்களும் – ஒரு முழுமையான வழிகாட்டி

புதிய 4கே டிவியைச் சுவரில் மாட்டியதும் பலர் கேட்கும் முதல் கேள்வி, "பழைய டிவியைவிட இதில் சானல் ஏன் மங்கலாகத் தெரிகிறது?" என்பதுதான். டிவியில் குறை இருப்பது அரிது. பெட்டியின் மேல் அச்சிட்டிருப்பது பேனலின், அதாவது திரைத் தட்டின், எண். அந்தப் பேனலுக்கு வந்து சேரும் படத்தின் எண் வேறு. கேமரா எடுத்த விதம், ஒளிபரப்புகிறவர் சுருக்கிய அளவு, செட்டாப் பாக்ஸ், வயர், டிவியின் அமைப்புகள், நீங்கள் உட்காரும் தூரம் ஆகிய அனைத்தையும் தாண்டித்தான் படம் கண்ணுக்கு வருகிறது. இவற்றில் எந்த இடத்தில் தரம் மிகவும் குறைகிறதோ, அந்தத் தரத்தில்தான் படம் தெரியும். மற்ற இடங்களில் எவ்வளவு செலவழித்தாலும் அது மாறாது.

ஆகவே ஒவ்வோர் இடமாகப் பார்த்துக்கொண்டு போவோம். ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு படித்தால் இன்னும் பயன்படும்.

1. முதலில் பேனலின் எண்

டிவியின் பின்புற ஸ்டிக்கரிலிருந்து மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு, தயாரிப்பாளரின் தளத்தில் தெளிவுத்திறன் என்ன என்று பாருங்கள். கடைக்காரர் சொன்னதை மட்டும் நம்ப வேண்டாம்.

பழைய சாதாரணப் படம், அதாவது எஸ்டி, நம் நாட்டில் 720×576. மொத்தம் சுமார் 4 லட்சத்து 15 ஆயிரம் பிக்சல்கள், அதாவது படப்புள்ளிகள். எச்டியின் கீழ்ப்படி 1280×720. 9 லட்சத்து 21 ஆயிரம். ஃபுல் எச்டி 1920×1080. 20 லட்சத்து 73 ஆயிரம். அல்ட்ரா எச்டி, கடைப் பேச்சில் 4கே, 3840×2160. ஏறத்தாழ 83 லட்சம். 8கே என்றால் 7680×4320. 3 கோடியே 31 லட்சம். ஃபுல் எச்டியிலிருந்து 4கேவுக்குப் போகும்போது அகலமும் உயரமும் இரட்டிப்பாகின்றன, பிக்சல்கள் நான்கு மடங்காகின்றன. திரையரங்குகளுக்கான 4கே கொஞ்சம் அகலமானது, 4096×2160. வீட்டு டிவியில் அது இருக்காது, இல்லையே என்று வருந்தவும் வேண்டாம்.

'எச்டி ரெடி' என்று விற்கப்படும் 32 இன்ச் டிவிகளில் தனியாக ஒரு சிக்கல் உண்டு. அவற்றின் பேனல் பெரும்பாலும் 1366×768. எந்த ஒளிபரப்பும் இந்த அளவில் வருவதில்லை. கணினித் திரைகளின் 1024×768 அளவை அகலப்படுத்தியதால் பிறந்த எண் இது. 720 வரிப் படம் வந்தால் அதை இழுக்க வேண்டும், 1080 வரிப் படம் வந்தால் அமுக்க வேண்டும். எந்தப் பிக்சலும் தன் இடத்தில் நேராக உட்காராது. சிறிய திரையில் தள்ளி உட்கார்ந்து பார்ப்பதால் இது பெரிதாக உறுத்துவதில்லை. ஆனால் கணினியை இணைத்துத் தமிழ் எழுத்துகளைப் படித்தால் சுழிகள் கலங்கித் தெரியும்.

2. எண்ணுக்குப் பின்னால் வரும் எழுத்து: ஐயா, பியா?

1080ஐ, 1080பி என்று இரண்டு உண்டு. (இங்கே 'ஐ' ஆங்கில எழுத்து, இரண்டாம் வேற்றுமை உருபு என்று படித்துவிட்டால் கட்டுரை முழுவதும் குழம்பிவிடும்.) 'பி' என்றால் புரோகிரஸிவ்: ஒவ்வொரு பிரேமிலும், அதாவது ஒவ்வொரு முழுப் படச்சட்டத்திலும், 1080 வரிகளும் ஒன்றாக வரும். 'ஐ' என்றால் இன்டர்லேஸ்: முதலில் 1, 3, 5 என ஒற்றைப்படை வரிகள், அடுத்த நொடித்துணுக்கில் 2, 4, 6 என இரட்டைப்படை வரிகள். ஒவ்வொரு முறையும் 540 வரிகள்தான் வரும். அந்தப் பாதிப் படத்துக்கு ஃபீல்டு என்று பெயர்.

பழைய குழாய் டிவி காலத்தில் அலைவரிசையைச் சிக்கனமாகச் செலவிடக் கண்டுபிடித்த உத்தி இது. குழாய் டிவி அந்த வரிகளை அப்படியே மாற்றி மாற்றித் தீட்டியது, கண் சேர்த்துக்கொண்டது. இன்றைய தட்டைத் திரைகளோ எல்லா வரிகளையும் ஒரே நேரத்தில்தான் காட்டும். ஆகவே இரண்டு பாதிகளையும் சேர்க்கும் வேலை டிவிக்குள் இருக்கும் சிப்பின் தலையில் விழுகிறது.

இந்தியாவின் எச்டி சானல்கள் பெரும்பாலும் 1080ஐ வடிவில், நொடிக்கு 50 ஃபீல்டுகளாக வருகின்றன. ஒரு கணக்கைப் பாருங்கள். 1080ஐ நொடிக்கு 1920×540×50, அதாவது 5 கோடியே 18 லட்சம் பிக்சல்களை அனுப்புகிறது. 720பி 50 பிரேமில் 1280×720×50, 4 கோடியே 61 லட்சம். இரண்டுக்கும் பெரிய இடைவெளி இல்லை. அமெரிக்காவில் எச்டி தொடங்கியபோது ஏபிசி, ஃபாக்ஸ், ஈஎஸ்பிஎன் ஆகியவை 720பி பக்கம் போனதற்கும், என்பிசி, சிபிஎஸ் ஆகியவை 1080ஐ பக்கம் போனதற்கும் பின்னால் இந்தக் கணக்குதான் இருக்கிறது. வேகமாக ஓடும் விளையாட்டுக்கு முழு பிரேம் நல்லது, அசையாத காட்சிக்குக் கூடுதல் வரிகள் நல்லது. ஐரோப்பிய ஒளிபரப்பாளர் ஒன்றியமும் 720பி-யைப் பரிந்துரைத்தது. விளம்பரத்தில் பெரிய எண்ணே வெல்லும் என்பதால் பெரும்பாலான நாடுகளில் 1080 நிலைத்தது என்பது என் கணிப்பு.

'ஐ' என்றாலே பாதித் தரம் என்று முடிவுகட்டவும் வேண்டாம். திரைப்படமோ, நொடிக்கு 25 பிரேமில் எடுத்த தொடரோ 1080ஐ-யில் வரும்போது, அடுத்தடுத்த இரண்டு ஃபீல்டுகளும் ஒரே பிரேமிலிருந்து பிரிக்கப்பட்டவை. டிவி அவற்றைச் சரியாகச் சேர்த்தால் 1080 வரிகளும் குறையின்றித் திரும்பக் கிடைக்கும். உண்மையில் இழப்பது கிரிக்கெட் போன்ற நேரடி ஒளிபரப்பில்தான். அங்கே ஒவ்வொரு ஃபீல்டும் வெவ்வேறு கணத்தில் எடுக்கப்பட்டது. பந்து அதற்குள் நகர்ந்துவிட்டிருக்கும். அசையாத மைதானம் துல்லியமாகவும், ஓடும் வீரர் சற்றுக் கரகரப்பாகவும் தெரிவது இதனால்தான்.

உங்கள் டிவியின் சேர்க்கும் திறனைச் சோதிக்கச் செய்திச் சானலின் அடியில் ஓடும் எழுத்துகளைப் பாருங்கள். நின்றுகொண்டிருக்கும் தலைப்பு கூர்மையாகவும், ஓடும் வரி சீப்புப் பல்லைப்போல் விளிம்பு பிசிறியும் தெரிந்தால் சிப் திணறுகிறது என்று பொருள்.

3. நொடிக்கு எத்தனை பிரேம்?

திரைப்படம் நொடிக்கு 24 பிரேம். இந்தியா, இலங்கை, ஐரோப்பா போன்ற, மின்சாரம் 50 ஹெர்ட்ஸில் ஓடும் பகுதிகளில் தொலைக்காட்சி 25 பிரேம் அல்லது 50 ஃபீல்டு. அமெரிக்காவிலும் ஜப்பானிலும் 30, துல்லியமாகச் சொன்னால் 29.97. பேனல் எச்டியாக மாறியும் இந்தப் பழைய பிரிவினை போகவில்லை.

24 பிரேம் படத்தை 25-இல் எப்படிக் காட்டுவது? 50 ஹெர்ட்ஸ் நாடுகளில் நெடுங்கால வழக்கம் எளிமையானது: படத்தையே நூற்றுக்கு நான்கு பங்கு வேகமாக ஓட்டிவிடுவது. இரண்டரை மணி நேரப் படம், அதாவது 150 நிமிடம், 144 நிமிடத்தில் முடிந்துவிடும். ஒலியைத் தனியே சரிசெய்யாவிட்டால் பாட்டின் சுருதியும் முக்கால் அரைச்சுரத்துக்குச் சற்றுக் குறைவாக ஏறிவிடும். தொலைக்காட்சியில் கேட்ட பாட்டும் இசைத்தட்டில் கேட்ட பாட்டும் சுருதி ஒத்துப்போகவில்லையே என்று கூர்ந்த காதுக்காரர்கள் சந்தேகப்பட்டால், அதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம். அமெரிக்க வழி வேறு: ஒரு பிரேமை இரண்டு முறை, அடுத்ததை மூன்று முறை என்று மாற்றி மாற்றிக் காட்டி 24-ஐ 60 ஆக்குவார்கள். நீளம் மாறாது, ஆனால் கேமரா மெல்லத் திரும்பும் காட்சிகளில் ஒரு விக்கல் தெரியும்.

ஸ்ட்ரீமிங் பெட்டி வைத்திருப்பவர்கள் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. அமேசான் ஃபயர் டிவி, ஆப்பிள் டிவி போன்றவற்றில் மூலப் படத்தின் பிரேம் வேகத்துக்கு ஏற்ப வெளியீட்டை மாற்றும் அமைப்பு இருக்கிறது. அதை இயக்கிவிட்டால் திரைப்படம் 24 பிரேமாகவே டிவிக்குப் போகும். படம் தொடங்கும்போது திரை ஒரு நொடி கறுத்து மீளும், பயப்பட வேண்டாம்.

4. திரையின் வடிவம்

உயர்துல்லியத் தொலைக்காட்சி ஆய்வை ஜப்பானின் ஒளிபரப்பு நிறுவனமான என்எச்கே 1964 டோக்கியோ ஒலிம்பிக்குக்குப் பிறகு தொடங்கியது. அவர்களுடைய ஹை-விஷன் 1125 வரிகள் கொண்ட அனலாக் முறை. இன்று நாம் பார்க்கும் எச்டியின் நிறமும் ஒளியும் எப்படி இருக்க வேண்டும் என்பதை வகுப்பது பிடி.709 என்ற சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியப் பரிந்துரை. அதன் முதல் பதிப்பு 1990-இல் வந்தது.

16:9 என்ற வடிவம் பழைய டிவியின் 4:3-க்கும் சினிமாஸ்கோப்பின் 2.35:1-க்கும் நடுவே எட்டிய சமரசம். அந்த இரண்டு விகிதங்களையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் 1.77 வரும். விளைவைப் பிக்சலில் பாருங்கள். பழைய கறுப்பு வெள்ளைப் படம் 1920×1080 திரையில் 1440 பிக்சல் அகலத்தில் நடுவே நிற்கும். இரு ஓரங்களிலும் சேர்த்து நான்கில் ஒரு பங்கு கறுப்பு. சினிமாஸ்கோப் படம் சுமார் 817 வரி உயரத்தில் நிற்கும். மேலும் கீழும் சேர்த்து ஏறத்தாழ அதே நான்கில் ஒரு பங்கு கறுப்பு. இரு தரப்புக்கும் சம நட்டம்!

இந்தக் கறுப்புப் பட்டைகளை டிவியின் குறை என்று நினைத்து, 'ஸ்ட்ரெச்', 'ஜூம்' என்று அழுத்திப் படத்தை நிரப்புகிறவர்கள் ஏராளம். நிரப்பினால் பழைய படத்தின் நாயகி அகலமாகிவிடுகிறாள், ஸ்கோப் படத்தின் ஓரத்தில் நிற்பவர் காணாமல் போகிறார். '16:9' அல்லது 'ஒரிஜினல்' என்று வைத்துவிட்டு விட்டுவிடுங்கள். சில சானல்கள் ஒளிபரப்பும்போதே இழுத்து அனுப்புகின்றன. அதற்கு ரிமோட்டில் மருந்து இல்லை.

5. சுருக்கம்: எல்லாவற்றையும் தீர்மானிப்பது இதுதான்

ஒரு ஃபுல் எச்டி படத்தைச் சுருக்காமல் நொடிக்கு 25 பிரேம் அனுப்பினால் நொடிக்கு 124 கோடி பிட் ஆகும். வீட்டுக்கு வருவது அதில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. மீதி எல்லாம் சுருக்கத்தில் கழிக்கப்படுகிறது. எதைக் கழிப்பது, எவ்வளவு கழிப்பது என்பதே படத்தின் தரத்தை முடிவுசெய்கிறது. பிக்சல் எண்ணிக்கை அதற்குப் பிறகுதான்.

முதலில் நிறம் கழிக்கப்படுகிறது. மனிதக் கண் ஒளி வேறுபாட்டைக் கூர்மையாகவும் நிற வேறுபாட்டைச் சுமாராகவும் பார்க்கும். ஆகவே 1920×1080 ஒளிப்புள்ளிகளுக்கு 960×540 நிறப்புள்ளிகள்தான் அனுப்பப்படுகின்றன. நீலப் பின்னணியில் சிவப்பு எழுத்து ஓடும்போது விளிம்பு கசிந்தாற்போல் தெரிவது இதனால்தான்.

அடுத்தது அசைவு. முந்தைய பிரேமிலிருந்து எது மாறியதோ அதை மட்டும் அனுப்புவார்கள். செய்தி வாசிப்பவர் உட்கார்ந்த இடத்திலேயே இருப்பதால் மிகக் குறைந்த பிட்டில் அழகாக வருவார். மழையில் நடக்கும் சண்டை, தேர்த் திருவிழாக் கூட்டம், வாணவேடிக்கை, பூவிதழ் பறக்கும் பாட்டு ஆகியவற்றில் எல்லாமே மாறுகிறது. பிட் போதாமல் படம் கட்டம் கட்டமாக உடைகிறது. மழைக்காட்சியில் கட்டம் தெரிந்தால் டிவியைத் திட்டாதீர்கள். பல சானல்களுக்கு நடுவே பிட்டைப் பங்கு போட்டவரைத் திட்டுங்கள்.

சுருக்க முறைகளுக்கு வயது உண்டு. டிவிடியும் பழைய டிஜிட்டல் ஒளிபரப்பும் எம்பெக்-2. 2003-இல் வந்தது எச்.264, இதற்கே எம்பெக்-4 ஏவிசி என்றும் பெயர். எச்டி சானல்களும் புளூ-ரேயும் பெருமளவு இதை நம்பியிருக்கின்றன. 2013-இல் எச்.265 என்னும் எச்இவிசி. அதே தரத்தை ஏறத்தாழப் பாதிப் பிட்டில் தரும் நோக்கத்தில் உருவானது. 2018-இல் காப்புரிமைக் கட்டணமற்ற ஏவி1. புதிய முறை வேண்டுமென்றால் அதைப் பிரிக்கும் சிப்பும் வேண்டும். பெரும்பாலான பழைய எம்பெக்-2 செட்டாப் பாக்ஸ்களில் எச்டி சானல் வராததற்கு இதுவே காரணம்.

பென்டிரைவில் போட்ட படம் ஓடாவிட்டாலும் இதையே நினைவில் கொள்ளுங்கள். கோப்பின் பெயரில் எம்.கே.வி. அல்லது எம்.பி.4 என்று இருப்பது வெளிப்பெட்டி மட்டுமே, உள்ளே எச்.264 இருக்கலாம், எச்.265 இருக்கலாம். படம் ஓடி ஒலி மட்டும் வராவிட்டால், உள்ளே இருக்கும் ஒலி வடிவத்தை, பெரும்பாலும் டிடிஎஸ், உங்கள் டிவி ஏற்கவில்லை.

ஸ்ட்ரீமிங்குக்கு வருவோம். நெட்ஃபிளிக்ஸ் ஃபுல் எச்டிக்கு நொடிக்கு 5 மெகாபிட்டும் 4கேவுக்கு 15 மெகாபிட்டும் வேண்டும் என்கிறது. நொடிக்கு 15 மெகாபிட் என்றால் மணிக்கு ஏழு ஜிபிக்குச் சற்றுக் குறைவு. மொபைல் டேட்டாவில் 4கே பார்ப்பவர்கள் கவனிக்க. புளூ-ரே வட்டில் ஃபுல் எச்டி படத்துக்கே நொடிக்கு 40 மெகாபிட் வரை இடம் உண்டு. நல்ல ஃபுல் எச்டி வட்டு, இழுபறியாக வரும் 4கே ஸ்ட்ரீமைத் தோற்கடிப்பதில் வியப்பில்லை. மேலும், 4கே சந்தா கட்டியிருந்தாலும் செயலி உங்கள் கருவியின் காப்புச் சான்றிதழைப் பார்க்கும். வைட்வைன் எல்1 என்ற அந்தச் சான்று இல்லாத ஆண்ட்ராய்டு பெட்டியில் பல செயலிகள் எஸ்டி தரத்தோடு நிறுத்திக்கொள்ளும்.

6. பெட்டியும் வயரும்

உடனே எழுந்து டிவியின் பின்பக்கம் பாருங்கள். மஞ்சள், சிவப்பு, வெள்ளை முனைகள் கொண்ட வயரில் செட்டாப் பாக்ஸ் இணைந்திருந்தால், எச்டி பேக்குக்குக் கட்டும் பணம் வீண். மஞ்சள் வயர் எஸ்டி படத்தை மட்டுமே தூக்கும். எச்டிஎம்ஐ வயருக்கு மாற்றுங்கள். இந்த வழிகாட்டியில் ஒன்றே ஒன்றைச் செய்வதானால் இதைச் செய்யுங்கள்.

பிறகு செட்டாப் பாக்ஸின் அமைப்பில் வெளியீட்டுத் தெளிவுத்திறனைப் பாருங்கள். 576 என்றிருந்தால் 1080ஐ அல்லது 1080பி ஆக்குங்கள். 1080ஐ என்றால் வரிகளைச் சேர்க்கும் வேலையை டிவி செய்யும், 1080பி என்றால் செட்டாப் பாக்ஸ் செய்யும். நல்ல டிவியாக இருந்தால் அதனிடமே விடுங்கள். இரண்டையும் வைத்து ஓடும் எழுத்தைப் பார்த்தால் விடை தெரிந்துவிடும். ஒரே சானல் எஸ்டியிலும் எச்டியிலும் வெவ்வேறு எண்களில் வருவதால், பேக்கில் எச்டி இருந்தும் பழக்கத்தில் எஸ்டி எண்ணையே அழுத்துகிறவர்கள் உண்டு.

4கே கருவிகளுக்கு எச்டிஎம்ஐ பதிப்பும் பொருட்டு. 1.4 பதிப்பு 4கேவை நொடிக்கு 30 பிரேம் வரைதான் தரும். 2.0 பதிப்பு 60 பிரேம், 2.1 பதிப்பு 120 பிரேம். 2.0-க்கு 'பிரீமியம் ஹை ஸ்பீடு', 2.1-க்கு 'அல்ட்ரா ஹை ஸ்பீடு' என்று சான்று பெற்ற வயர் போதும். தங்க முலாம், தடித்த உறை, பல ஆயிரம் ரூபாய் விலை ஆகியவற்றால் படம் கூடுதல் அழகாகாது. டிஜிட்டல் வயர் வேலை செய்தால் முழுதாகச் செய்யும். முடியாவிட்டால் வெள்ளைப் பொறி தெறிக்கும் அல்லது திரை கறுத்துவிடும்.

7. டிவியின் அமைப்புகள்

பல டிவிகள் படத்தின் ஓரங்களைச் சிறிது வெட்டி மீதியை இழுத்துக் காட்டுகின்றன. குழாய் டிவி காலத்துப் பழக்கம் இது, ஓவர்ஸ்கேன் என்பார்கள். சானல் சின்னம் ஓரத்தில் வெட்டுப்பட்டால் இதுதான் காரணம். எல்ஜியில் 'ஜஸ்ட் ஸ்கேன்', சாம்சங்கில் 'ஃபிட் டு ஸ்கிரீன்', சோனியில் 'ஃபுல் பிக்சல்' என்ற பெயர்களில் தேடி அதை நீக்குங்கள்.

'விவிட்' முறையைக் கடையோடு விட்டுவிட வேண்டும். 'சினிமா' அல்லது 'ஃபிலிம்மேக்கர்' முறை முதலில் மஞ்சளடித்தாற்போல் தோன்றும். கண் பழகிய பின் பழையதைப் பார்த்தால் முகங்கள் நீலம் பூத்திருப்பது தெரியும். ஷார்ப்னெஸ்ஸைக் குறையுங்கள். அது விவரத்தைச் சேர்ப்பதில்லை, விளிம்புகளைச் சுற்றி வெள்ளைக் கோடு போடுகிறது. திரைப்படம் நாடகத் தொடர்போல் வழவழவென்று ஓடினால் அசைவை மென்மையாக்கும் வசதியை அணையுங்கள். எல்ஜியில் ட்ரூமோஷன், சோனியில் மோஷன்ஃப்ளோ. கிரிக்கெட்டுக்கு வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம்.

8. எச்டிஆர்

வழக்கமான எச்டியில் ஒவ்வொரு அடிப்படை நிறத்துக்கும் 256 படிகள். மொத்தம் 1 கோடியே 67 லட்சம் நிறங்கள். எச்டிஆரில், அதாவது ஒளி வீச்சு கூடிய படத்தில், பொதுவாக 1024 படிகள்; 107 கோடி நிறங்கள். அதைவிட முக்கியம், வெளிச்சத்தின் வீச்சு. வழக்கமான படம் சுமார் 100 நிட் (ஒளிர்வை அளக்கும் அலகு) உச்ச ஒளியை மனத்தில் வைத்துத் தயாராகிறது. எச்டிஆர் 1000 நிட்டையும் தாண்டலாம். எச்டிஆர்10, டால்பி விஷன், எச்டிஆர்10 பிளஸ் என்று வகைகள் உண்டு. ஒளிபரப்புக்காக பிபிசியும் என்எச்கேவும் உருவாக்கிய எச்எல்ஜி தனி.

பெட்டியில் எச்டிஆர் சின்னம் இருந்தால், அந்த டிவி எச்டிஆர் சிக்னலை ஏற்கும் என்று மட்டும் பொருள். மலிவு டிவிகள் 300 நிட் அளவிலேயே நின்றுவிடுகின்றன. அவற்றில் எச்டிஆர் படம் இருண்டு கிடப்பதாகப் பலர் புலம்புவது நியாயமே. வெளியிலிருந்து கருவியை இணைத்தால், அந்தத் துளைக்கான எச்டிஎம்ஐ அமைப்பை டிவியில் தனியே இயக்க வேண்டியிருக்கும். சோனியில் 'என்ஹான்ஸ்டு' வடிவம், சாம்சங்கில் 'இன்புட் சிக்னல் பிளஸ்'.

9. தூரத்தை அளந்துவிட்டு வாங்குங்கள்

சாதாரண நல்ல பார்வைக்கு, திரையின் குறுக்களவைப்போல் ஒன்றரை மடங்குக்குச் சற்று அப்பால் போனால் ஃபுல் எச்டியின் தனித்தனிப் பிக்சல்கள் மறைந்துவிடும். 43 இன்ச்சுக்கு அது ஐந்தரை அடி, 55-க்கு ஏழு அடி, 65-க்கு எட்டரை அடி. 4கேவுக்கு இதில் பாதி. பத்து அடி தள்ளி சோபா போட்ட கூடத்தில் 43 இன்ச் 4கேவும் ஃபுல் எச்டியும் பிக்சலால் வேறுபடாது. 32 இன்ச் எச்டி ரெடிக்கு எல்லை ஏறத்தாழ ஆறு அடி. படுக்கையறைக்கு அது போதும் என்று தயங்காமல் சொல்வேன்.

அப்படியென்றால் 4கே வீணா? அப்படியில்லை. 4கே ஸ்ட்ரீம் கூடுதல் பிட்டோடும், புதிய சுருக்க முறையோடும், பெரும்பாலும் எச்டிஆரோடும் வருவதால் தள்ளி உட்கார்ந்தும் மேம்பட்டே தெரியும். பெரிய அளவுகளில் இன்று ஃபுல் எச்டி பேனல் கிடைப்பதும் அரிது. அதே விலையில் பெரிய சாதாரண 4கேவா, ஒரு சுற்றுச் சிறிய, வெளிச்சமும் கறுப்பும் நன்றாக உள்ள 4கேவா என்ற நிலை வந்தால், இரவில் சினிமா பார்ப்பவர் இரண்டாவதை எடுக்கட்டும். பகலில் ஜன்னல் திறந்து கிரிக்கெட் பார்ப்பவரும் நிட் எண்ணைக் கேட்டுவிட்டே வாங்கட்டும். 8கே ஒளிபரப்பை என்எச்கே 2018 டிசம்பரில் ஜப்பானில் தொடங்கியது. நம் வீட்டுக்கு அப்படி எதுவும் வராத வரை அந்தப் பணத்தை ஒலிக்குச் செலவிடலாம். மெல்லிய டிவிகளில் உரையாடல் கேட்காமல் சப்டைட்டிலை நம்பிப் படம் பார்க்கிறவர்களுக்கு ஒரு நடுத்தர சவுண்ட்பார் 8கேவைவிடப் பயன்படும்.